ரசம்னா எந்த ரசம்? பன்னீர் திராட்சையின் கதை

ஒரு நீளமான இழை. திராட்சை, ஒயின், பாதிரியார்கள், வரதராஜன்பேட்டை, அப்புறம் நான் பண்ணின ஒரு தப்பு. எல்லாம் வரும். பொறுமையா படிங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி. எனக்கு நைட் டூட்டி. எங்க ஆஸ்பத்திரிக்கு வரதராஜன்பேட்டை பக்கத்து ஜனங்க நிறைய வருவாங்க. அலங்கார அன்னை கோயில் இருக்கிற ஊர், கத்தோலிக்கர்கள் அதிகம். அதனால கிறிஸ்துமஸ் அன்னிக்கு பைக் விபத்து, பட்டாசுக் காயம், பிரியாணி வயித்துப்போக்குன்னு வரிசையா வரும்னு தயாராத்தான் இருந்தோம்.

நடு ராத்திரி தாண்டி ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. நாப்பது தாண்டின கொத்தனார் (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்). முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. வாந்தி. தலை வெடிக்குதுன்னு பிடிச்சுக்கிட்டு இருக்கார். நாடி 130. பிரஷர் 80/50.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ரசம்தான் சார். வேற ஒண்ணுமே தொடல. மாதா மேல சத்தியம்."

பக்கத்துல நின்ன சிஸ்டர் என்னைப் பார்த்தாங்க. "ரசம் குடிச்சா ஏன் சார் பிரஷர் இறங்குது?" நானும் ஒரு அரை நிமிஷம் மிளகு ரசத்தைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்னு ஒத்துக்கிறேன்.

அவர் மனைவி கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்ததும் எல்லாம் புரிஞ்சுது. டைசல்ஃபிராம். குடியை நிறுத்தினவங்களுக்கு, அவங்க முழுச் சம்மதத்தோட, மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்கிற மாத்திரை. மாசாமாசம் அதைத் தொடர்ந்து வாங்கிக்க அவர் என்கிட்டதான் வருவார். ஏழு மாசமா ஒரு சொட்டு தொடல.

உடம்புக்குள்ள போற ஆல்கஹால் முதல்ல அசிட்டால்டிஹைடுங்கிற நச்சா மாறும். அதை அடுத்த கட்டத்துல ஒரு நொதி உடைச்சுடும். டைசல்ஃபிராம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுடும். அப்போ கொஞ்சம் ஆல்கஹால் உள்ள போனாலும் நச்சு தேங்கி, நான் மேல சொன்ன அத்தனையும் நடக்கும். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும்கூட இந்த விளைவு வரலாம். கடுமையானா உயிருக்கே ஆபத்து.

அவர் குடிச்சது திராட்சை ரசம். பெங்களூர்ல இருந்து வந்த மச்சினி வீட்டுலயே போட்ட கிறிஸ்துமஸ் ஒயின். ரெண்டு டம்ளர்.

இதுல என் தப்பு எங்கன்னா, நான் அவர்கிட்ட "பிராந்தி, விஸ்கி, பீர், கள்ளு எதுவும் தொடக்கூடாது, இருமல் மருந்துகூட கேட்டுட்டுத்தான் குடிக்கணும்"னு ஒவ்வொரு மாசமும் சொல்லியிருக்கேன். ஒயின்னு சொன்னதில்லை. திராட்சை ரசம்னு சொன்னதே இல்லை. எனக்குத் தோணவே இல்லை. அவருக்கும் தோணல. ஏன்னா பைபிள்ல, பூசையில, காலம்காலமா அதுக்குப் பேரு "ரசம்". நம்ம ஊர்ல ரசம் குடிச்சு யாரும் குடிகாரன் ஆனதில்லையே.

சலைன் போட்டு, காலை உயர்த்திவச்சு, ஈசிஜி பார்த்துக்கிட்டே விடியவிடிய உட்கார்ந்திருந்தோம். காலைல பிரஷர் ஏறிடுச்சு. பிழைச்சுட்டார்.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் எனக்கு இந்தச் சொல் மேல, இந்தப் பழம் மேல ஒரு பைத்தியம் பிடிச்சுது. இனி வர்றது அந்தப் பைத்தியத்தோட பலன்.

முதல்ல சொல். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், வரதராஜன்பேட்டை பக்கம் செம்மண்ணு பூரா முந்திரிக்காடு. இந்த ஊர்ல "முந்திரி"ன்னா கேட்கவே வேண்டாம், பருப்புதான். ஆனா பழைய தமிழகராதியைப் புரட்டினா முந்திரிங்கிறது திராட்சை! கொடிமுந்திரின்னும் சொல்லியிருக்காங்க. மலையாளத்துல இன்னிக்கும் முந்திரின்னா திராட்சைதான். யாழ்ப்பாணத்துக்காரங்க கிட்ட கேளுங்க, முந்திரிகைன்னா திராட்சை, நம்ம முந்திரி அவங்களுக்கு மரமுந்திரிகை.

நம்ம முந்திரி மரம் பிரேசில்காரன். 16-ஆம் நூற்றாண்டுல போர்த்துக்கீசியர் கப்பல்ல வந்தது. இங்க வந்து கொடியோட பேரை மரம் எடுத்துக்கிச்சு. கொடிக்கு வடமொழியிலிருந்து வந்த திராட்சைங்கிற பேர் நிலைச்சுப்போச்சு. நம்ம ஊர்க்காரங்க முந்திரிக்காட்டுல நின்னு திராட்சையோட பழைய பேரைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க, தெரியாமலே.

சரி, தமிழனுக்கு ஒயின் எப்போ தெரியும்? ரொம்பப் பழசு. புறநானூறு 56-ஆம் பாட்டுல நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலத்துல கொண்டுவந்த மணமுள்ள தேறலைக் குடிச்சு இன்பமா இருன்னு சொல்றார். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டுல 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ஆம்ஃபோரான்னு சொல்ற கூர் அடிப்பகுதி வச்ச ரோமானியச் சாடிகளோட துண்டுகள் நிறைய கிடைச்சுது. பின்னாடி அதை ஆராய்ஞ்சவங்க, இத்தாலியோட கம்பானியா பகுதிச் சாடிகளையும், கிரேக்கத்து கோஸ் தீவு பாணிச் சாடிகளையும் அடையாளம் கண்டாங்க. கோஸ் ஒயின் கடல்தண்ணி கலந்து செய்யறதுக்குப் பேர்போனது. உப்புக் கரிக்கிற ஒயினை நம்ம ராஜாக்கள் எப்படிக் குடிச்சாங்களோ!

ஆனா அது எல்லாருக்குமான சரக்கு இல்லை. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின பெரிப்ளூஸ்ங்கிற கடல்வழிக் கையேடு, முசிறிக்கு ஒயின் போகும், ஆனா அதிகமில்லைன்னு குறிக்குது. கள்ளும் நறவும் இங்கேயே கிடைக்கும்போது சாமானியன் ஏன் கப்பலைப் பார்த்துக் காத்திருக்கணும்?

அதாவது ஒயின் வந்தது. கொடி வரல. திராட்சைக் கொடியை இங்க வளர்க்கணும்னு ஒரு அவசியம் யாருக்கு வரும்னு யோசிச்சா, பாதிரியாருக்கு வரும். கத்தோலிக்கப் பூசைக்கு ஒயின் கட்டாயம். திருச்சபைச் சட்டம் தெளிவா சொல்லுது: திராட்சைக் கனியிலிருந்து இயற்கையா ஆனதா இருக்கணும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. கள்ளு, பதநீர், நெல்லிக்காய் ஒயின் எதுவும் செல்லாது. தினமும் பூசை, தினமும் கொஞ்சம் ஒயின். கப்பல் வரலைன்னா?

கேரளத்து தோமா கிறிஸ்தவர்கள் இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. அரபு நாட்டுப் பக்கமிருந்து வர்ற உலர்திராட்சையைத் தண்ணில ஊறவச்சுப் பிழிஞ்சு அந்த ரசத்தைப் பூசைக்கு வச்சாங்கன்னு போர்த்துக்கீசியர் எழுதின குறிப்பு இருக்கு. அமெரிக்காவுல இன்னொரு வழி: ஸ்பானிய பிரான்சிஸ்கன் துறவிகள் போற இடமெல்லாம் கொடியை நட்டாங்க. கலிபோர்னியாவுல முதல்ல வேரூன்றின திராட்சைக்கு இன்னிக்கும் மிஷன் திராட்சைன்னுதான் பேரு. டிஎன்ஏ பார்த்தா அது ஸ்பெயினோட லிஸ்தான் ப்ரியெட்டோ.

நம்ம பக்கமும் கிட்டத்தட்ட அதே கதை சொல்லப்படுது. ஏலாக்குறிச்சியில வீரமாமுனிவர் இருந்த காலம் 18-ஆம் நூற்றாண்டு. அடுத்த நூற்றாண்டுல நம்ம வட்டாரத்து மறைப்பணி பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்துடுச்சு. 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குப் பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்தார்னு, 2023-ல "கம்பம் பன்னீர் திராட்சை"க்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ எல்லாப் பத்திரிகையிலும் வந்துச்சு. நீங்களும் படிச்சிருப்பீங்க.

இங்கதான் எனக்கு ஒரு இடறல்.

பன்னீர் திராட்சையோட உலகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். பேர்லதான் ஜெர்மன் ஊர் இருக்கு, பிறந்தது இங்கிலாந்துல. பெட்ஃபோர்ட்ஷயர்ல ரெஸ்ட் பார்க்னு ஒரு பிரபு மாளிகை. அங்க கண்ணாடி வீட்டுல திராட்சை வளர்த்த ஸ்நோ என்கிற தோட்டக்காரர் 1850-ஐ ஒட்டி உருவாக்கின ரகம் அது. தாய் ஸ்கியாவா க்ரோசா, இங்கிலாந்துக்காரங்க பிளாக் ஹாம்பர்க்னு சொல்ற கொடி. தந்தை அலெக்சாண்ட்ரியா மஸ்கட். இந்தப் பெற்றோர் கணக்கு டிஎன்ஏ சோதனையிலயும் உறுதியாகியிருக்கு.

1850-ல பிறந்த குழந்தையை 1832-ல எப்படிக் கப்பல் ஏத்த முடியும்?

இதனால பாதிரியார் கதை பொய்னு நான் சொல்லல. என் ஊகம்: 1832-ல வந்தது வேற ஏதோ மஸ்கட் கொடியா இருக்கலாம், பூசைக்காகவே வந்திருக்கலாம். இன்னிக்குக் கம்பத்துப் பந்தல்ல தொங்குற மஸ்கட் ஹாம்பர்க் அதுக்குப் பிந்தி வந்து, பழைய கொடியோட வரலாற்றையும் சேர்த்து வாங்கிக்கிச்சு. முந்திரி மரம் கொடியோட பேரை வாங்கிக்கிட்ட மாதிரி. நோயாளி சொல்ற தேதியும் ரிப்போர்ட்ல இருக்கிற தேதியும் ஒத்துப்போகலைன்னா நாங்க நோயாளியைப் பொய்யர்னு சொல்ல மாட்டோம், ரெண்டு தனித்தனி சம்பவமான்னு கேட்போம். அந்தப் பழக்கம்தான்.

தாய்க்கொடி பத்தி ஒரு உபரித் தகவல். லண்டன் பக்கத்து ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768-ல நட்ட ஒரே ஒரு பிளாக் ஹாம்பர்க் கொடி இன்னிக்கும் காய்க்குது. திராட்சையை விதை போட்டு வளர்க்கிறதில்லை, குச்சி வெட்டித்தான் நடுவாங்க. அதனால ஒரு ரகத்தோட எல்லாக் கொடியும் ஒரே உடம்போட நகல். கம்பத்துல நீங்க வாங்கற பன்னீர் திராட்சைக்கு அந்த அரண்மனைக் கொடி அம்மா வகையறா.

பன்னீர்னு பேரு வச்சவங்க யாருன்னு தெரியாது, ஆனா மூக்கு தேர்ந்தவங்க. மஸ்கட் வகைத் திராட்சையோட மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால், நெரால்ங்கிற பொருட்கள். இதுல ஜெரானியாலும் நெராலும் ரோஜா எண்ணெயிலயும் இருக்கு. பன்னீர்னா ரோஜாத் தண்ணிதானே! இன்னொண்ணு படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு: சீனாவுல இதே ரகத்துக்குப் பேரு மெய்குய் சியாங். அர்த்தம் ரோஜா மணம். கம்பத்துக்காரரும் தியான்ஜின்காரரும் ஒருத்தரையொருத்தர் கேட்காமலே ஒரே பேரை வச்சிருக்காங்க.

இந்த ஒரே பழம் ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு பிழைப்பு பிழைக்குது. பிரான்ஸ்ல வான்டூ மலையடிவாரத்துல இது சாப்பிடற பழம் மட்டும், 1997-லேயே நம்ம புவிசார் குறியீடு மாதிரி ஒரு முத்திரை வாங்கிடுச்சு. கிரேக்கத்துல தெசலிப் பகுதி திர்னாவோஸ் ஊர்ல இதுல ஒயினும் போடறாங்க, சிப்புரோன்னு ஒரு காட்டமான சாராயமும் காய்ச்சறாங்க. தியான்ஜின்ல 1980-ல பிரெஞ்சு நிறுவனத்தோட கூட்டு சேர்ந்து ஆரம்பிச்ச டைனஸ்டி ஆலை இதுல வெள்ளை ஒயின் பண்ணுச்சு. கருப்புத் திராட்சையில வெள்ளை ஒயினான்னு கேட்காதீங்க, நிறம் தோல்லதான் இருக்கு, சாறு கிட்டத்தட்ட நிறமில்லாதது. தோலோட ஊறவச்சா சிவப்பு, உடனே பிழிஞ்சு பிரிச்சா வெள்ளை. ஒயின் ரசிகர்கள் மட்டும் இந்தப் பழத்தைக் கொஞ்சம் இளப்பமாத்தான் பார்ப்பாங்க, மணம் தூக்கல், ஆழம் கம்மின்னு. நம்ம ஊர் ஜூஸ் கடைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கு ஏன்? தண்ணி. 1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணை. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இதமான காத்து. ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டின்னு வரிசையா பந்தல். ராயப்பன்னா பீட்டர், நம்ம கத்தோலிக்கத் தமிழ். ஆனைமலையான்பட்டியில வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கு.

ஐரோப்பாவுல குளிர்காலத்துல கொடி தூங்கும், வருஷத்துக்கு ஒரே அறுவடை. இங்க தூக்கம் கிடையாது. விவசாயி கவாத்து பண்ற தேதியை வச்சுத்தான் கொடிக்குக் காலமே. அதனால கம்பத்துல வருஷத்துல பெரும்பாலான மாசம் ஏதாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்கும். ஓய்வில்லாத கொடிக்கு நோயும் ஓயாது. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய். நம்ம விவசாயிங்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறாங்களே போர்டோ கலவை, அதுவே பிரான்ஸோட போர்டோ ஒயின் பகுதியிலிருந்து வந்ததுதான். அங்க ரோட்டோரக் கொடியில வழிப்போக்கர்கள் பழம் திருடாம இருக்க நீலமா எதையோ பூசி வச்சிருந்தாங்க. அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரலைன்னு மிலார்டேங்கிற தாவரவியல் பேராசிரியர் கவனிச்சு 1885-ல வெளியிட்டார். பழத் திருடனுக்கு வச்ச பயம், பூஞ்சைக்கு மருந்தாச்சு.

இப்ப நம்ம ஊர் ஒயினுக்கு வர்றேன். தமிழ்நாட்டுல பிராந்திக் கடைக்குப் பேரு ஒயின்ஷாப். உள்ள போற ஆள்ல நூத்துக்கு எத்தனை பேர் ஒயின் வாங்குவார்னு உங்களுக்கே தெரியும். 1983-ல டாஸ்மாக் ஆரம்பிச்சு, 2003-ல சில்லறை விற்பனையும் அரசு கைக்கு வந்தப்புறமும் அந்தப் பேரு போகல. பூசை ஒயினுக்குன்னு 1984-லேயே தனி அரசு விதிகள் இருக்கு. மகாராஷ்டிராவுல நாசிக், கர்நாடகாவுல நந்தி மலைன்னு ஒயின் ஒரு தொழிலா வளர்ந்தப்போ நமக்கு ஒயின்ங்கிறது ஒரு பக்கம் பூசைப் பாத்திரத்துல, இன்னொரு பக்கம் கடை போர்டுல மட்டும்தான் இருந்துச்சு. நடுவுல, கிறிஸ்தவ வீட்டுப் பீங்கான் ஜாடியில.

அந்த ஜாடியைப் பத்திக் கொஞ்சம். திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. மூணு வாரம். "வீட்டுல போட்டது, அதுல போதை கிடையாது"ன்னு எல்லாரும் சொல்வாங்க. கணக்கு வேற. லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை புளிச்சா 1 சதவீத ஆல்கஹால். பழுத்த ஒயின் திராட்சைச் சாறுல லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை இருந்தா, அது முழுசா புளிச்சு 12 சதவீதம் பக்கம் வந்துடும். வீட்டுல மேல கிலோக்கணக்குல சர்க்கரை வேற கொட்டறோம். ஈஸ்ட்டுக்கு ஒயின் ஆலையும் தெரியாது, ஆயா வீடும் தெரியாது. லைசென்ஸ் இல்லாம இப்படிப் போடறது சட்டப்படி தப்புங்கிறது தனி விஷயம்.

ஓ.பி.யில அடிக்கடி வர்ற கேள்வி: "ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே டாக்டர்?" இது 1992-ல லான்செட்ல வந்த ஒரு கட்டுரையால பிரபலமானது. பிரெஞ்சுக்காரங்க வெண்ணெயும் சீஸும் அவ்வளவு சாப்பிட்டும் மாரடைப்பு கம்மி, காரணம் ஒயினா இருக்கலாம்னு. அப்புறம் திராட்சைத் தோல்ல இருக்கிற ரெஸ்வெரட்ராலைத் தூக்கிப் பிடிச்சாங்க. ஒரு லிட்டர் ஒயின்ல அது சில மில்லிகிராம்தான், ஆராய்ச்சியில கொடுத்தது நூத்துக்கணக்கான மில்லிகிராம். "குடிக்காதவங்க"ன்னு ஒப்பிட்ட கூட்டத்துல, உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவங்களும் கலந்திருந்தாங்கங்கிற குறையும் பின்னாடி தெரிஞ்சுது. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு 1988-லேயே சொல்லிடுச்சு. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையா அறிவிச்சுது. திராட்சை நல்லது வேணும்னா திராட்சையாவே சாப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்க எண்ணிச் சாப்பிடுங்க.

நம்ம கொத்தனாருக்கு வர்றேன்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு மனைவியை வெளிய அனுப்பிட்டு மெதுவா கேட்டார். "சார், அப்ப நான் இனிமே நன்மை வாங்கலாமா?" அவருக்கு உயிர் பிழைச்சதைவிட அதுதான் பெரிய கவலை. ஏழு மாசத்துல அவர் மறுபடி பிடிச்சு எழுந்த ஒரே கயிறு ஞாயித்துக்கிழமைப் பூசை. அப்பம் மட்டும் வாங்கினா எந்தப் பிரச்சினையும் இல்லை, சில விசேஷத்துல ரசத்துல தோய்ச்சுக் கொடுப்பாங்கள்ல, அதை மட்டும் வேண்டாம்னு சாமியார்கிட்ட சொல்லிடுங்கன்னு சொன்னேன். குடிநோய் இருக்கிற குருக்களுக்கே, புளிக்க ஆரம்பிச்சதும் நிறுத்தின மஸ்டம்ங்கிற சாறைப் பயன்படுத்த அனுமதி வாங்க வழி இருக்குன்னு 2003-ல வத்திக்கான் கடிதம் ஒண்ணு இருக்கு, அதையும் சொன்னேன். "சாமியாருக்கே அப்படியா?"ன்னு ஆச்சரியமா கேட்டார். முகத்துல ஒரு தெளிவு.

அவர்கிட்ட மன்னிப்பும் கேட்டேன். "நீங்க சொல்லலைன்னாலும் நான் கேட்டிருக்கணும் சார்"ன்னார். இல்லை, நான்தான் சொல்லியிருக்கணும். இப்போ டைசல்ஃபிராம் வாங்கற யாரா இருந்தாலும் என் கையால சீட்டுல எழுதித் தர்றேன்: பிராந்தி, பீர், கள்ளு, ஒயின், திராட்சை ரசம், வீட்டு ரசம். கடைசிச் சொல்லைப் பார்த்துட்டு ஒரு அம்மா "மிளகு ரசமுமா டாக்டர்?"னு பயந்தாங்க. இப்ப அடைப்புக்குறிக்குள்ள "மிளகு ரசம் குடிக்கலாம்"னும் சேர்த்து எழுதறேன்.

போன மாசம் மாத்திரை வாங்க வந்தப்போ கொத்தனார் ஒரு கருப்பு பாலிதீன் பையை மேசை மேல வச்சார். கம்பத்துப் பன்னீர் திராட்சை ஒரு கிலோ.

"இதுல ஒண்ணும் இல்லைல்ல சார்?"

கழுவிட்டு ஆளுக்கு ரெண்டு வாயில போட்டுக்கிட்டோம். கொட்டையைத் துப்ப அவர் ஜன்னல் பக்கம் போனார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.